ரஸ்தாளி வந்த வழி

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார்கள் நடுவே நடந்தால், ரஸ்தாளி எங்கே இருக்கிறதென்று மூக்கே சொல்லிவிடும். மெல்லிய தோல், வெண்மையான சதை, இனிப்போடு இழையும் சிறு புளிப்பு. தோலில் கரும்புள்ளி விழும்வரை பொறுத்தால்தான் முழு ருசி. அவசரப்பட்டால் நாக்கில் துவர்க்கும்.

இந்தப் பழம் ஒரு கலப்பினம். தாய்வழி, தந்தைவழி இரண்டுமே சதை குறைந்து கொட்டை நிறைந்த காட்டு வாழைகள். தென்கிழக்காசியாவில் செழித்த மூசா அக்யூமினேட்டா ஒன்று. இந்தியக் காடுகளிலும் வளரும் மூசா பால்பிசியானா மற்றொன்று. முன்னதிலிருந்து இரண்டு பங்கும் பின்னதிலிருந்து ஒரு பங்கும் மரபணுத் தொகுதி சேர்ந்ததால் ரஸ்தாளி 'ஏஏபி' வகை. சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் 1955-இல் வகுத்த முறை இது. பூவனும் இதே வகைதான்; கற்பூரவல்லி 'ஏபிபி', ஏலக்கி 'ஏபி'.

மூன்று தொகுதி சேர்ந்ததால் விதை பிடிக்கவில்லை. விதையில்லாத பழம் காற்றிலோ பறவை வயிற்றிலோ ஊர் மாற முடியாது. யாரோ ஒருவர் பக்கக்கன்றைப் பெயர்த்து இன்னொருவரிடம் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கை மாறிக் கை மாறித்தான் இது உலகம் சுற்றியது. வங்காளத்தில் மர்த்தமான், ஆந்திராவில் அம்ருதபாணி, பிரேசிலில் ஆப்பிள் என்று பொருள்படும் 'மசா'. கேரளத்தில் இதற்குப் பெயர் பூவன். நம் பூவனோ அங்கே பாளையங்கோடன்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் தீவிலும், லால்குடி, தொட்டியம் வட்டாரத்திலும் வாழைக்கு ஏற்ற வண்டல் மண் உண்டு. ஆனால் ரஸ்தாளிக்கு எமன் மண்ணுக்குள்ளேயே இருக்கிறான். ஃபுசேரியம் என்னும் பூஞ்சை வேர்வழியே ஏறி நீர்ப்பாதையை அடைத்துவிடும். இலைகள் மஞ்சளாகி மடிந்து தொங்கும், தண்டு வெடிக்கும். லத்தீன் அமெரிக்காவின் குரோ மிஷெல் வாழையை 1960-களுக்குள் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே விரட்டிய வாடல் நோய் இதுதான். எல்லாக் கன்றும் ஒரே மரத்தின் நகல் என்பதால், ஒன்றைச் சாய்த்தது மற்றதையும் சாய்க்கும். பூவன் இந்நோயைத் தாங்கி நிற்பதால் பலரும் அதற்கு மாறிக்கொள்கிறார்கள்.

திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழை இனங்களைச் சேகரித்துக் காக்கிறது. திசு வளர்ப்பில் எடுத்த நோயற்ற கன்றும், நெல்லோடு மாற்றிப் பயிரிடுவதும் உழவருக்குத் துணை.

பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும், தோல் வெடிக்கும், நெடுந்தூரம் போகாது. அதனால் விளையும் ஊரில் இருப்பவர்களே இதற்கு முதல் ஆதரவு. புள்ளி விழுந்த பழத்தை ஒதுக்காமல் கேட்டு வாங்குங்கள். விலை போனால்தான் அடுத்த பட்டத்துக்கு உழவர் கன்று நடுவார். இந்தப் பழத்துக்கு வேறு வழியில் மறுபிறவி கிடையாது.