முத்திரைக்குள் ஒரு சரித்திரம்: ஹவானா சுருட்டும் அதன் போலிகளும்

நண்பன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தபோது, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவனுடைய மாமா ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். பளபளக்கும் கண்ணாடி மூடி. உள்ளே வரிசையாக 25 'கோஹிபா' சுருட்டுகள். "கடையில விலையைக் கேட்டா தலை சுத்தும் தம்பி. நான் நெட்ல அஞ்சுல ஒரு பங்கு விலைக்கு முடிச்சிட்டேன். அசல் கியூபா சரக்கு!" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. பழகும் எண்ணமும் இல்லை. ஆனால் 'அசல்' என்று அவர் அழுத்திச் சொன்னது மனதில் தங்கிவிட்டது. ஒரு சுருட்டு அசல் என்று எதை வைத்துச் சொல்வது? தேடிப் படிக்க ஆரம்பித்தால், அது நேராகக் கியூபாவின் சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது. படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெயருக்கு விலை வந்த கதை

1492-ல் கொலம்பஸ் கியூபாவில் இறங்கியபோது, அங்கிருந்த தைனோ மக்கள் புகையிலையைச் சுருட்டிப் புகைப்பதை அவருடைய ஆட்கள் பார்த்தார்கள். பின்னாளில் அந்தப் புகையிலை ஸ்பெயினுக்குப் பெரும் வருமானம் ஆனது. 1717-ல் ஸ்பெயின் அரசு கியூபப் புகையிலை வாணிபம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. விளைவிப்பவன் அரசுக்குத்தான் விற்க வேண்டும், அரசு வைத்ததுதான் விலை. கொதித்துப்போன விவசாயிகள் 1717, 1720, 1723 என்று மூன்று முறை கிளர்ந்தெழுந்தார்கள். மூன்றாவது முறை பலர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தனியுரிமை நீங்க 1817 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஹவானாவில் சுருட்டு ஆலைகள் பெருகின. 1844-ல் ஹெச். உப்மன், 1845-ல் பார்ட்டகாஸ், 1875-ல் ரோமியோ இ ஜூலியட்டா என்று இன்றும் பேசப்படும் பெயர்கள் பிறந்தன. தீவின் மேற்கே பினார் டெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ என்ற வட்டாரத்தின் மண்ணில் விளையும் இலைக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. (இடையில் நமக்கொரு சின்னப் பெருமை. ஆங்கிலத்தில் ஒருவகைச் சுருட்டுக்கு வழங்கும் 'செரூட்' என்ற சொல், நம் 'சுருட்டு'தான்!)

போலி வந்தது, முத்திரை பிறந்தது

ஒரு பெயருக்கு மதிப்பு வந்துவிட்டால் அதைத் திருட ஆள் வராமல் இருப்பானா? ஐரோப்பாவில் கண்ட இலையையும் சுருட்டி 'ஹவானா' என்று பெயர் ஒட்டி விற்றார்கள். சுருட்டின் இடுப்பில் பட்டை சுற்றும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர், ஹவானாவில் ஆலை நடத்திய குஸ்தாவ் பாக் என்ற ஐரோப்பியர் என்று சொல்வார்கள். தன் சரக்கு எது, அடுத்தவன் சரக்கு எது என்று காட்டத்தான் அந்தப் பட்டை. சில காலத்தில் பட்டையையும் அச்சடித்துவிட்டார்கள்.

1889-ல் ஸ்பானிய அரச ஆணை ஒன்று ஹவானா உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு உத்தரவாத முத்திரையை அனுமதித்தது. 1898-ல் ஸ்பெயின் போனது, 1902-ல் குடியரசு வந்தது. ஆட்சி மாறியும் கவலை மாறவில்லை. 1912-ல் குடியரசு தன் சொந்தச் சட்டத்தின் மூலம், ஏற்றுமதியாகும் பெட்டிகளுக்குப் பச்சை நிற அரசு முத்திரையைக் கொண்டுவந்தது. கியூபாவின் சின்னத்தோடு, ஸ்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என நான்கு மொழிகளில் உத்தரவாதம் சொல்லும் முத்திரை அது. 1931-ல் வந்த வடிவம் 1999 வரை நீடித்தது. அந்த ஆண்டு சிவப்பில் வரிசை எண் சேர்ந்தது. 2010 வாக்கில் ஒளிப்படலமும் பட்டைக்கோடும் சேர்ந்தன.

கவனித்தீர்களா? ஒவ்வொரு புது அடையாளமும் ஒரு போலிக்குச் சொன்ன பதில். ஒவ்வொரு பதிலும் அடுத்த போலிக்காரனுக்கு ஒரு பாடம்.

1960: அசல் இரண்டாகப் பிளந்தது

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கட்டம்தான். 1960 செப்டம்பர் 15 அன்று காஸ்ட்ரோவின் அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமை ஆக்கியது. பார்ட்டகாஸை நடத்திய சிஃபுவென்டஸ் குடும்பமும், மாண்டிகிறிஸ்டோவை நடத்திய மெனெண்டஸ், கார்சியா குடும்பங்களும் நாட்டை விட்டு வெளியேறின. ஆலையும் நிலமும் தொழிலாளர்களும் கியூபாவில். பெயருக்கு உரியவர்களோ கடலுக்கு அப்பால்.

அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. நாட்டுடைமை ஆணை அமெரிக்காவில் பதிவான வணிகப் பெயர்களைக் கட்டுப்படுத்தாது, அவை பழைய உரிமையாளர்களுக்கே என்று தீர்ப்பானது. அதனால்தான் இன்றைக்கு இரண்டு பார்ட்டகாஸ் இருக்கிறது. ஒன்று கியூபாவுடையது. இன்னொன்று அமெரிக்கச் சந்தைக்காக டொமினிக்கன் குடியரசில் தயாராவது. இரண்டும் சட்டப்படி சரி!

கோஹிபாவின் கதை வேறு மாதிரி. 1966-ல் புரட்சி அரசே உருவாக்கிய பெயர் அது. காஸ்ட்ரோவுக்கும், வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகவும் தயாரான சுருட்டு 1982-ல்தான் பொதுவிற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1981-ல், ஒரு அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரைத் தன் நாட்டில் பதிவு செய்துவிட்டது. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2022 டிசம்பரில் அந்தப் பதிவை நீக்க அமெரிக்க வணிகப்பெயர் வாரியம் உத்தரவிட்டது. பெயரில் உள்ள 'ஓ' எழுத்துக்குள் சிவப்புப் புள்ளி இருந்தால் அது அமெரிக்க நிறுவனத்துடையது. அதைப் போலி என்று சொல்ல முடியாது, கியூபச் சுருட்டு என்றும் சொல்ல முடியாது.

1962 பிப்ரவரியில் கென்னடி முழு வர்த்தகத் தடை விதித்தார். கையெழுத்திடும் முன் தனக்காக ஹெச். உப்மன் சுருட்டுகளை வாங்கிவரச் சொன்னார் என்றும், 1200 கிடைத்தது என்று கேட்ட பிறகுதான் கையெழுத்திட்டார் என்றும் அவருடைய செயலாளர் பியர் சாலிங்கர் பின்னாளில் சொன்னார். தடை செய்த பொருளுக்கு ஆசை கூடும். அங்கே ஏமாந்தவன் யாரிடம் போய்ப் புகார் செய்வான்? போலிக்காரனுக்கு அதைவிட நல்ல சந்தை வேண்டுமா? 2016-ல், சொந்த உபயோகத்துக்கு வாங்கி வரும் அளவின் மீதிருந்த வரம்பை ஒபாமா அரசு எடுத்தது. 2020-ல் அந்தக் கதவு மறுபடி மூடப்பட்டது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபச் சுருட்டு வருவதில்லை. இதுதான் முதல் பாடம்.

பெட்டியின் அடியில் 'கியூபாவில் தயாரானது', 'முழுக்கக் கையால் செய்தது' என்ற ஸ்பானிய வாசகங்கள் மரத்தில் சூட்டால் பதிந்திருக்கும். இரண்டாவது வாசகம் 1989-ல் சேர்ந்தது. அதற்கு முந்தைய பெட்டி என்று சொல்லி விற்பதில் அது இருந்தால் சந்தேகப்படலாம்.

பக்கத்தில் ஆலைக்குறியும் தேதியும் மையில் குத்தியிருக்கும். 1985 முதல் தேதியை ஒரு ரகசியச் சொல்லின் எழுத்துகளால் குறித்தார்கள். ரகசியம் வெளியானதும் முறையை மாற்றி, பிறகு மாதத்தை ஸ்பானியச் சுருக்கத்திலேயே போட ஆரம்பித்தார்கள். ஜனவரி 'ஏனெரோ', ஆகவே 'ஏனெ'. ஆங்கிலத்தில் 'ஜான்' என்று இருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

திறந்தால், சுருட்டுகள் ஒரே குடும்பத்து நிறமாக, இடமிருந்து வலமாகச் சற்றே வெளுத்துக்கொண்டு போக வேண்டும். ஆலையில் நிறம் பிரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பட்டைகள் ஒரே உயரத்தில், ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். உள்ளே பெரும்பாலும் நீள இலைதான் இருக்கும், தூளும் துணுக்கும் அல்ல.

ஆனால் இணையத்தில் நீங்கள் பார்ப்பது பெட்டியை அல்ல, ஒரு படத்தை. படம் அசல் பெட்டியுடையதாக இருக்கலாம், வருவது வேறாக இருக்கலாம். காலியான அசல் பெட்டியில் போலியை நிரப்புவதும் உண்டு. பட்டைக்கோட்டின் எண்ணைக் கியூப ஏற்றுமதி நிறுவனமான ஹபானோஸின் தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் எண் சரியென்றால் அப்படி ஒரு எண் உண்டு என்றுதான் பொருள், உள்ளே இருப்பது அசல் என்று அல்ல. ஆக, இணையத்தில் பெட்டியைச் சோதிப்பதற்கு முன் விற்பவரைச் சோதிக்க வேண்டும். அந்த நாட்டில் ஹபானோஸ் அங்கீகரித்த கடையா? விலை நம்பும்படி இருக்கிறதா? 2022-ல் கோஹிபாவின் விலை உலகெங்கும் பெரிதாக ஏறியது. ஐந்தில் ஒரு பங்குக்கு அதை யாரும் தரமாட்டார்கள்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தூக்கில் தொங்கிய விவசாயி, வாழ்நாளெல்லாம் இலை சுருட்டிய தொழிலாளி, இவர்கள் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்ததுதான் அந்த 'ஹவானா' என்ற பெயர். போலிக்காரன் திருடுவது புகையிலையை அல்ல, அந்தப் பெயரை.

மாமாவிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். அன்றைக்குச் சொல்லத் தெரியாது. படித்த பிறகு நண்பனிடம் மட்டும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெட்டியை ஊருக்கெல்லாம் காட்டிட்டார்டா, இனிமே எப்படிச் சொல்றது?" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கண்ணாடி மூடி இன்னும் அவர் வீட்டு வரவேற்பறையில் பளபளத்துக்கொண்டுதான் இருக்கிறது.