சுமைதாங்கியில இருந்து காபெற் றோட்டு வரை: யாழ்ப்பாணத்து வீதி யாருக்கு?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வகுப்பில் வரலாறு படிப்பிக்கும்போது அரசர்களையும் ஆளுநர்களையும் பற்றிப் பேசுகிறோம். தினமும் மிதிக்கிற றோட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் "இந்த வீதி யாருக்காக?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருப்பது தெரியும். இன்றைய விடையில் எங்கட வயதானவர்களுக்கு இடமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மோட்டார் வண்டி வரமுதல் இங்கே பாதை என்றால் நடப்பவருக்கும் மாட்டு வண்டிக்கும்தான். பாதையோரம் சுமைதாங்கி கட்டினார்கள். இரண்டு கல் நிமிர்ந்து நிற்கும், மேலே ஒன்று குறுக்கே கிடக்கும். தலையில் கடகத்தோடு வருபவர் யாருடைய கையும் இல்லாமல் சுமையை இறக்கி, களை ஆறி, திரும்பத் தானே ஏற்றிக்கொள்ளலாம். நிலத்தில் வைத்தால் தனியாகத் தூக்க ஏலாது என்று யோசித்து வைத்த உயரம் அது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாகவும் அவற்றைக் கட்டினார்கள். பக்கத்தில் கேணி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், தங்கிப்போக மடம். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடிமடம் இன்றைக்கும் நிற்கிறது. வெயிலில் வந்தவர் அதன் நிழலில் திண்ணையில் குந்தலாம். பொறியியல் படிக்காத அந்த மனிதர்கள் களைத்த உடம்பை அளவாக வைத்துத்தான் வீதியைப் பார்த்தார்கள்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1848 இல் வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் 6 நாள் றோட்டு வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் 3 ஷில்லிங் கட்டவேண்டும். அந்த வருடம் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்துப் பெருவீதிகள் படைக்காகவும் கோப்பிக்காகவும் போடப்பட்டவை. கல்லுடைத்தவர் நடந்துதான் போனார்.

1902 இல் காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை ரயில் ஓடியது. 1905 இல் பாதை தெற்கோடு இணைந்தது. அதற்குப் பிறகு பஸ், கார், லொறி. சுதந்திரத்துக்குப் பின் 1951 இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அப்போதும் எங்கட குடாநாட்டின் உண்மையான வாகனம் சைக்கிள்தான். நிலம் தட்டை, ஊர்கள் கிட்டக் கிட்ட. வாத்தியாரும், தபால்காரரும், மீன் வியாபாரியும், சோனகதெருவில் இருந்து ஊர் ஊராகப் போன எங்கட வியாபாரிகளும் சைக்கிளில்தான் போனார்கள்.

1990 இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. மற்ற எல்லாம் சைக்கிளில்: விறகு, கிடுகு, நோயாளி, கர்ப்பிணி. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகள் எத்தனை! கிளாலிக் கடலைத் தாண்டிய வள்ளங்களிலும் சைக்கிள் ஏறியது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரம் தந்தார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் கையில் எதுவும் இல்லாமல் இந்த றோட்டுகளால்தான் போனார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, வலிகாமத்துத் தமிழ் மக்கள் சைக்கிளில் மூட்டை கட்டி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனார்கள். இரண்டு நாட்களிலும் பின்தங்கி நின்றவர்கள் நடக்க ஏலாத முதியவர்கள். அந்தப் பட்டறிவு எங்கள் இரண்டு சமூகத்துக்கும் பொதுவானது. அதன் பிறகு பல வருடம் கொன்வோய் போகும்போது சனம் ஓரமாக நின்று வழி விட்டது. வீதி எங்களுடையது என்ற நினைப்பே விட்டுப் போயிற்று.

யுத்தம் முடிந்தபின் வெளிநாட்டுக் கடனில் பெருவீதிகள் காபெற் ஆகின. நல்ல விஷயம்தான். குன்றும் குழியுமாய்க் கிடந்த காலத்தை மறக்கவில்லை. ஆனால் காபெற்றோடு வேகமும் வந்தது. மேலே தார் உயர, விளிம்பு சாண் கணக்கில் பள்ளமாயிற்று. பின்னால் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் இறங்க இடமில்லை, இறங்கினால் விழவேண்டும். பல சந்திகளில் மஞ்சள் கடவைக் கோடு தேய்ந்து கிடக்கிறது. பல இடங்களில் கானுக்கு மூடி இல்லை. ஒழுங்கை வாயில்களில் மதிலும் வேலியும் பார்வையை மறைக்கின்றன.

இதே காலத்தில்தான் ஊரும் வயதாகிக்கொண்டிருக்கிறது. 2012 குடிசனமதிப்பில் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். இப்போது அதைவிடக் கூட. குடாநாட்டில் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். தாய் தகப்பன் தனியே சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ கடைக்கும் கிளினிக்குக்கும் போகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. றோட்டு 7 மீற்றர் அகலம். திடகாத்திரமானவர் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பார், 6 செக்கனில் கடப்பார். முழங்கால் வலியுள்ள மூதாட்டி செக்கனுக்கு 0.8 மீற்றர் நடந்தால் கிட்டத்தட்ட 9 செக்கன் வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 9 செக்கனில் 150 மீற்றர் வந்துவிடும். 30 இல் வந்தால் அதில் பாதி. அடிபட்டாலும் வித்தியாசம் பெரிது: வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. இன்னொன்று, 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். சுபஹுக்கு இருட்டில் போகிற பெரியவரையும், மாலையில் காரோட்டுகிற ஓய்வுபெற்ற அதிபரையும் "பார்த்துப் போங்கோ" என்று சொல்லி மட்டும் காப்பாற்ற ஏலாது.

நெதர்லாந்து எப்போதும் சைக்கிள் நாடு என்று நினைக்கிறோம். 1960களில் அங்கேயும் கார்தான் ராஜா. 1971 இல் வீதி விபத்துகளில் 3000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400 க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வர, ஞாயிறுகளில் காரை நிறுத்தினார்கள். அந்தத் தட்டுப்பாடு தந்த பாடத்தை அவர்கள் வீதியிலேயே எழுதினார்கள்: தனிச் சைக்கிள் பாதை, வேகம் குறைந்த குடியிருப்புத் தெரு. 1997 இல் சுவீடன் பாராளுமன்றம், மனிதன் பிழை விடுவான், அந்தப் பிழைக்கு உயிரை விலையாகக் கேட்காத வீதி வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. எங்களுக்கும் தட்டுப்பாடு வந்தது, ஒருமுறை அல்ல. 1990களில் வந்தது, 2022 இல் கியூஆர் கோட்டோடு திரும்பவும் வந்தது. இரண்டு முறையும் சைக்கிள்தான் ஊரைக் காப்பாற்றியது. பெற்றோல் வந்ததும் அதை ஓரத்தில் விட்டுவிட்டோம்.

செய்ய ஏலாதது என்று சொல்லாதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனத்தை மறிக்கிறோம். அந்த நாட்களில் கிழவரும் குழந்தையும் நடுவீதியில் பயமில்லாமல் நடக்கிறார்கள். 25 நாள் முடிந்தால், மற்ற நாட்களில் ஒரு பகுதியாவது முடியும்.

கேட்கவேண்டியவை பெரிய செலவு இல்லை:

1. பாடசாலை, ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் அருகே 30 கிலோமீற்றர் வேகம். ஊருக்குள் சட்டம் அனுமதிக்கும் 50 அங்கே கூட.
2. அகல வீதிகளில் நடுவே நின்று ஆற ஒரு திட்டு. பாதி பாதியாகக் கடக்கலாம்.
3. றோட்டு விளிம்பை மண் போட்டுச் சமப்படுத்தி, சைக்கிளுக்கு ஓரம் விடுதல். கானுக்கு மூடி.
4. கடவைக்கு மேலே விளக்கு, பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை, வருடாந்தம் கோடு பூசுதல்.
5. ஒழுங்கை வாயிலில் வேலியைத் தறித்துப் பார்வை விடுதல். வலப்பக்கம் திரும்புவது வயதான சாரதிக்கு மிகவும் கஷ்டம். இது எங்கட கையிலேயே இருக்கிறது.

யாரிடம் கேட்பது? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதியும் ஒழுங்கையும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. எந்த வீதி யாருடையது என்று தெரியாமல் எழுதினால் கடிதம் மேசைக்கு மேசை அலையும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று எங்கள் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். சுமைதாங்கி கட்டிய சைவப் பெரியவர்களும் அதே அறத்தைத்தான் கல்லில் செய்தார்கள். இரண்டும் எங்கள் மண்ணில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தவை.

உங்கள் ஊரில் வயதானவர்கள் கடக்கப் பயப்படும் சந்தி எது? வீதியின் பெயரோடு கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, தமிழ், முஸ்லிம் என்று பாராமல் ஒன்றாகக் கையெழுத்து வைத்து, உரிய இடங்களுக்குக் கொடுப்போம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கட அப்பா, வாப்பா எந்த வழியால் கடைக்குப் போகிறார் என்று இன்றைக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கேளுங்கள்.