யார் போட்ட கணக்கு? மின்திட்டத் தேர்வுமுறைகளும் புன்னக்காயலும்

மின்சாரத்தின் வரலாற்றை அணைகளின், கொதிகலன்களின், உலைகளின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். அவற்றைத் தேர்ந்தெடுத்த முறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை வாசிக்க, தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலை எடுத்துக்கொள்கிறேன். ஆற்றின் தலைமாட்டில், பாபநாசத்தில், 1880களில் ஹார்வி கம்பெனியின் பஞ்சாலை அருவித் தண்ணீரின் விசையில் ஓடியது. 1944இல் அங்கேயே நீர்மின் நிலையம் வந்தது. புன்னக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979 தொடங்கி 1990களின் ஆரம்பம்வரை தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள் அமைந்தன. இடையில் முள்ளக்காட்டில் 1986இல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று. பக்கத்துப் பழையகாயலில் 2009இல் திறக்கப்பட்ட, அணு உலைகளுக்கான சிர்கோனியம் ஆலை. தெற்கே கூடங்குளம். இத்தனையும் ஒரு மீனவ ஊரைச் சுற்றி நிற்கின்றன. தேர்ந்தெடுத்த மேசைகள் மட்டும் வேறெங்கோ இருந்தன.

அந்த மேசைகளில் நெடுங்காலம் வழங்கிய முறை ரொம்ப எளிமையானது. போன வருஷங்களில் மின்தேவை வளர்ந்ததை ஒரு கோடாகப் போடுவார்கள். அதை அடுத்த பத்து, பதினைந்து வருஷத்துக்கு நீட்டுவார்கள். நீட்டிய கோட்டுக்கும் கையிலிருக்கும் உற்பத்திக்கும் உள்ள இடைவெளிக்குப் 'பற்றாக்குறை' என்று பெயர். அதை நிரப்ப ஒரு நிலையம். இந்தச் சொல்லாடலில் 'தேவை' என்பது மழை, வெயில் மாதிரி தானாக வருகிற சங்கதி. யாருக்கு, எதுக்கு என்று கேட்க அதில் இடமே கிடையாது.

இதைத் தலைகீழாக்கிய ஒரு கணக்கு கர்நாடகத்தில் போடப்பட்டது. அம்மாநிலத்தின் நீண்டகால மின்திட்டக் குழு 2000ஆம் ஆண்டுவரையிலான தேவையை 1987இல் பழைய பாணியில் கணித்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்யா ரெட்டியும் சக ஆய்வாளர்களும் 1991இல் மாற்றுக் கணக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்பாட்டிலிருந்து தொடங்கினார்கள். ஜனங்களுக்கு வேண்டியது வெளிச்சம், இறைத்த தண்ணீர், வெந்நீர். யூனிட் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். எல்லா வீட்டுக்கும் விளக்கு என்பதைச் சேர்த்துக்கொண்டே, திறனுள்ள விளக்கு, பம்புசெட் போன்ற சிக்கன வழிகளையும் புதிய நிலையங்களையும் ஒரே பட்டியலில் வைத்து, செலவு குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினார்கள். வந்த விடை, குழு சொன்ன தேவையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு.

இது ஏதோ மாயம் என்று எண்ண வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. தருகிறது. ஒரே நேரத்தில் எரியும் ஒரு கோடி பல்புகளை மாற்றினால் 510 மெகாவாட் மிச்சம். தூத்துக்குடியின் இரண்டு அலகுகளுக்கு மேல்! ஆனால் சேமித்த மெகாவாட்டுக்குப் புகைபோக்கி இல்லை, திறப்பு விழா இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை. அதனால்தான் அது கணக்கில் சேர இவ்வளவு காலம் பிடித்தது.

கூடங்குளத்துக்கு வருவோம். சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் 1988இல். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் திரண்ட மீனவர் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமென்ற விதியே 1997இல்தான் வந்தது. அதுவும் தேர்ந்தெடுத்து முடித்தபின் ஆட்சேபணை கேட்கிற சடங்கு. 'வேறு வழிகளை ஒப்பிட்டீர்களா?' என்ற கேள்வி அந்தப் பந்தலுக்கு வருவதற்குள் முடிவு தயாராகிவிடுகிறது. 2011இல் இடிந்தகரை எழுந்தபோது தமிழகம் கடும் மின்வெட்டில் இருந்தது. 'அப்ப கரண்ட் வேணாமா?' என்று அவர்களைக் கேட்டார்கள். உலையா, இருட்டா என்று இரண்டே கட்டங்கள் வரைந்த தாளில் எதைத் தேர்ந்தால் என்ன, விடையை ஏற்கெனவே போட்டாச்சு.

இப்போது நுட்பமான முறைகள் வந்திருக்கின்றன. 1970களில் தாமஸ் சாட்டி வகுத்த முறையில் செலவு, மாசு, வேலைவாய்ப்பு ஆகிய அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்து, திட்டங்களை வரிசைப்படுத்தலாம். நல்ல கருவிதான், எடை போட்டது யார் என்பதை மறைக்காமல் காட்டச் செய்யலாம் என்பதே அதன் பலம். ஆனால் எடைபோடும் கை பழைய கையாகவே இருந்தால் தராசு மாறி என்ன பயன்? அமுல்யா ரெட்டியின் கணக்கும் நிபுணர்கள் போட்டதுதான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

'பசுமை' என்ற சொல்லும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு நிதியுதவி தர மத்திய அமைச்சரவை 2024இல் ஒப்புக்கொண்டது. நிலக்கரிச் சாம்பலோடு ஒப்பிட்டால் காற்று மேல், சந்தேகமில்லை. என்றாலும் வள்ளம் போகும் வழி, வலை விரிக்கும் இடம், எந்தக் காற்றில் எங்கே மீன்பாடு என்ற கடலறிவு, இவையெல்லாம் அட்டவணையில் தனி அளவுகோல்களா, அல்லது அடியில் 'இதர பாதிப்புகள்' என்று ஒரு வரியா? ஆற்றுப் பாசனத்தில் கடைமடைக்காரனைக் கேட்காமல் தலைமடையில் முறை வைத்தால் என்னவாகும் என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு நன்றாகத் தெரியும். திட்டம் அறிவித்தபிறகு எதிர்ப்பதோடு நம் வேலை முடிவதில்லை. தேவையைக் கணிக்கிற இடத்திலேயே, அட்டவணையின் தலைப்புகளை எழுதும்போதே, முகத்துவாரத்து ஜனங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்பதே இன்றைய அரசியல்.