சைக்கிளில் போன கேமரா

சைக்கிளில் கேமராவைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி 1880களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்தது. அதற்கு முன்னால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத் தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் புகைப்படக்காரர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் வண்டி கட்டி ஏற்றிக்கொண்டு போனார். 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டை அறிமுகப்படுத்தினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலர் தகடு கடைச்சரக்காகிவிட்டது. காலையில் எடுத்த படத்தை வீடு திரும்பிய பிறகு கழுவினால் போதும் என்றானதும், கேமரா வெளியூர்ப் பயணத்துக்குத் தயாரானது.

சைக்கிள்தான் தயாராகவில்லை. முன்சக்கரம் மார்பு உயரத்துக்கு நிற்கும் பென்னி ஃபார்த்திங்கில் டயர் கெட்டி ரப்பர். சக்கரம் ஒரு கல்லில் மோதினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அதனால் படமெடுக்க விரும்பியவர்கள் பலர் மூன்று சக்கர சைக்கிளை நாடினார்கள். அது சாயாது, சாமான் வைக்கவும் இடம் உண்டு. ஆனாலும் கருங்கல் பாவிய தெருவில் உருண்டால் அதுவும் உதறியெடுக்கும்.

அந்த உதறல் கேமராவை என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும். தகடு உடைந்தால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடக்கும் சேதம்தான் அதிகம். உறைக்குள் தகட்டின் விளிம்பு உராய்ந்து கண்ணாடித் தூளும் தூசியும் உதிரும். பூச்சின் மேல் ஒரு துகள் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் வெளிச்சம் படாது. அச்சிட்ட படத்தில் அது கரும்புள்ளியாக வந்து நிற்கும். லென்ஸைப் பிடித்திருக்கும் திருகுகள் மைலுக்கு மைல் தளரும். மடிப்புத் தோல் துருத்தி ஓரிடத்தில் தேய்ந்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உள்ளே வெளிச்சம் புகுந்து தகடு கறுத்துப்போகும். இத்தனையும் வீட்டுக்கு வந்து கழுவிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

குலுக்கலைப் பெருமளவு குறைத்தது புகைப்படத் துறையே அல்ல. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கியது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். கேமராவைக் காத்த கண்டுபிடிப்புகளில் முதலிடம் இந்த டயருக்குத்தான்.

1890களில் ‘சைக்கிள் கேமரா’ என்ற பெயரிலேயே ஒரு வகை கடைக்கு வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் செய்யப்பட்ட ‘சைக்கிள் போக்கோ’ அவற்றில் பேர்போனது. மூடியிருந்தால் கறுப்புத் தோல் போர்த்திய வெறும் பெட்டி. முன்பலகையைத் திறந்து இறக்கினால் உள்ளே மெருகேற்றிய மஹோகனி மரமும் சிவப்புத் தோல் துருத்தியும் தெரியும். லென்ஸைத் தண்டவாளம் போன்ற பட்டையில் முன்னால் இழுத்து நிறுத்தவேண்டும். அடிபடக்கூடிய பாகங்கள் எல்லாம் மடங்கி உள்ளே போய்விடுவதால் பெட்டியே கவசமாயிற்று.

அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? ஹேண்டில்பாரில் கட்டினார்கள், சட்டத்தின் முக்கோண இடைவெளியில் தோல் உறையோடு மாட்டினார்கள், தோள்வாரில் முதுகில் சுமந்தார்கள். சட்டத்தில் மாட்டினால் உடம்புக்குப் பாரமில்லை, ஆனால் சக்கரத்தின் அதிர்வு அப்படியே பெட்டிக்கு ஏறும். ஹேண்டில்பாரில் பாரம் கூடினால் வண்டி வளைந்து கொடுக்காது. முதுகில் இருந்தால் மேடுபள்ளத்தை ஓட்டுபவரின் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். அவர் விழுந்தால் மட்டுமே ஆபத்து. கண்ணாடித் தகட்டுக்கு மூன்றில் சிறந்தது முதுகுதான்.

கண்ணாடியையே விட்டுவிட வழி காட்டியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-இல் 25 டாலருக்கு வந்த கோடக் கேமராவில் 100 படத்துக்கான சுருள் இருந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சுருள், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டாக மாறியது. உடைவதற்கு உள்ளே எதுவும் இல்லை.

இதை உலகச் சாலைகளில் சோதித்தவர்கள் தாமஸ் ஆலன், வில்லியம் சாக்டில்பென் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள். செயின்ட் லூயிஸில் பட்டம் வாங்கிய கையோடு 1890-இல் கிளம்பி, 1891-இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கிழக்கே மிதித்து, கோபி பாலைவனத்தைக் கடந்து, 1892-இன் கடைசியில் பீக்கிங் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சுமார் 2,500 படங்கள் எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் இத்தனை படம் எடுக்க ஒட்டகம் வேண்டியிருந்திருக்கும்.

அதே 1892-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஃபிராங்க் லென்ஸ் என்பவர் சைக்கிளில் தனியாகப் புறப்பட்டார். கேமராவை முதுகில் சுமந்து சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் வழியாக வந்தவர் 1894-இல் துருக்கியின் எர்சுரூம் நகரை நெருங்கும் வழியில் காணாமல்போனார். அடுத்த ஆண்டு அவரைத் தேடிப் போனவர் சாக்டில்பென்தான். லென்ஸ் கொல்லப்பட்டார் என்பது தெரியவந்தது, உடல் கிடைக்கவில்லை. அவர் வழியிலிருந்து அனுப்பிவந்த படங்களும் கட்டுரைகளும் ‘அவுட்டிங்’ பத்திரிகையில் வெளிவந்திருந்தன.

1912-இல் கோடக் நிறுவனம் வெயிஸ்ட்கோட்டுப் பையில் அடங்கும் கேமராவை விற்கத் தொடங்கியது. சைக்கிளில் போகிறவர் கேமராவுக்கென்று தோல் உறையோ கொக்கியோ தேடவேண்டிய அவசியம் அதோடு குறைந்தது. சாக்டில்பென் எடுத்த நெகட்டிவ்களில் ஒரு பகுதி இன்றும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.