கொல்லிப்பாவையும் கோதைநாயகியும்

கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் என்று மலைவாசிகள் வழிபடும் தெய்வத்தையே பழைய கொல்லிப்பாவையாகக் கருதுவோர் இன்றும் உளர். முனிவர்களைத் துன்புறுத்த வரும் அசுரர்களைப் புன்னகையால் மயக்கி அருகே அழைத்து உயிர் கவர்வதற்கென்றே அப்பாவை அமைக்கப்பட்டதென்பது கதை. நற்றிணைப் புலவரும் குறுந்தொகைப் புலவரும் தலைவியின் எழிலுக்கு அதனை உவமையாக்கினரேயன்றி, அதன் கொலைத்தொழிலை விரித்துரைத்தாரில்லை. பாவை கொன்றாள், பழையனூர் நீலி பழிவாங்கினாள், கண்ணகி அரசவையில் குற்றத்தை நிரூபித்தாள். இவ்வாறு கொலைக்கும் நீதிக்கும் நடுவே ஸ்திரீகளை நிறுத்துவதில் நம் மரபு ஒருபோதும் தயங்கியதில்லை. எனினும் ஒரு குற்றத்தை முடிச்சிட்டு, அம்முடிச்சைப் பக்கம் பக்கமாக அவிழ்த்து வாசகரைக் கட்டிப்போடும் தொழில் தமிழில் தோன்றியபோது, அது முற்றிலும் ஆடவர் கையிலேயே இருந்தது.

1894ஆம் ஆண்டில் பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைக் கொண்டு அத்தொழிலைத் தொடங்கி வைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தமிழுடை உடுத்தி உலவவிட்டார்; ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்து துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. வடுவூர் துரைசாமி ஐயங்காரோ திகம்பர சாமியாரைப் படைத்து வாசகர்களை மாதந்தோறும் காத்திருக்கச் செய்தார். மேல்நாட்டில் அமெரிக்கரான அன்னா கேதரின் கிரீன் 1878லேயே கொலைவழக்கு நாவல் எழுதிப் புகழ் பெற்றுவிட்டார். ஆங்கிலேயரான அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் அச்சேறியது. நம் நாட்டில் அந்த இடத்தை நோக்கி நடந்தவர், பள்ளிக்கூட வாசலையே மிதியாத ஒரு திருவல்லிக்கேணி வைஷ்ணவப் பெண்மணி.

வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தவர். ஐந்தரை வயதில் வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் அவருக்கு வாய்த்த இலக்கியப் பயிற்சிகளுள் ஒன்று. கணவர் அழைத்துச் சென்று காட்டிய நாடகங்கள் மற்றொன்று. 1924இல் வெளிவந்த ‘இந்திரமோகனா’ என்னும் நாடகத்தை அவர் தம் கையால் எழுதவில்லை. தமிழில் எழுதும் பழக்கம் போதாமையால், அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். இதனைக் குறையென்று கருதுவோர் உண்டு. எனக்கோ இதுவே அவருடைய நடையின் இரகசியமாகத் தோன்றுகிறது. வாயால் கதை சொல்லிப் பழகியவர், கேட்போர் எழுந்து போய்விடாதபடி எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதை நன்கறிவார். மர்மக்கதைக்கு அதனினும் வேண்டிய வித்தை வேறில்லை.

வடுவூராரின் ஆலோசனைப்படி 1925இல் ‘ஜகன்மோகினி’ என்னும் பத்திரிகையை வாங்கி, அதில் தம் முதல் நாவலான ‘வைதேகி’யைத் தொடராக வெளியிட்டார். தொடக்க கால நாவல்களில் வடுவூராரின் சாயல் வெளிப்படை: மர்மமும் துப்பறிதலும் அவற்றில் ஊடாடின. ஆயினும் வடுவூராரிடம் புத்தி சாதுரியத்துக்கு உரிய இடத்தை அம்மையாரிடம் குடும்பத்தின் அநீதி எடுத்துக்கொள்கிறது. குற்றவாளி யார் என்பதைக் காட்டிலும் குற்றத்தால் எந்தப் பெண் சீரழிந்தாள் என்பதிலேயே அவர் மனம் ஊன்றுகிறது. துப்பறியும் கதையின் இலக்கணத்துக்கு இது பலவீனமே என்பதை மறுப்பதற்கில்லை. அவர் எழுதிய நாவல்கள் 115. அத்தனையிலும் ஒரே தரத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

1932இல் தேசிய இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறை புகுந்தார். கற்பனையில் குற்றம் புனைந்தவர் அங்கே மெய்யான குற்றவாளிகளோடு வாழ நேர்ந்தது. பெண் கைதிகளின் வரலாறுகளைக் கேட்டறிந்து நாவல்களுக்குப் பொருளாக்கினார் என்பர். ‘உத்தமசீலன்’ சிறையில் எழுதப்பட்டது. அவர் வெளியே வரும்வரையில் பத்திரிகை நின்றுவிடாமல் கணவர் பார்த்துக்கொண்டார். அக்காலத்தில் இது சிறிய விஷயமன்று.

பின்னாளில் அவருடைய எழுத்து சமூகச் சீர்திருத்தத்தின் பக்கமே பெரிதும் சாய்ந்தது. ஒரே மகனை 1956இல் இழந்த துயரத்திலிருந்து மீளாத அம்மையார், 1960 பிப்ரவரியில் காலமானார். துப்பறியும் கதையோ தேவனின் சாம்புவிடமும் தமிழ்வாணனின் சங்கர்லாலிடமும் சென்று சேர்ந்தது. பெண் எழுத்தாளர்களிடம் பத்திரிகைகள் குடும்பக் கதைகளையே கேட்டுப் பெற்று வந்தன. கோதைநாயகியின் பெயரையும் இலக்கிய வரலாற்று நூல்கள் அந்த வரிசையிலேயே சேர்த்துவிட்டன.