பூந்தமல்லி: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

பூந்தமல்லி, சென்னைக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பூவிருந்தவல்லி என்றும் எழுதப்படும். ஆங்கிலத்தில் பூனமல்லி. ஊர் ஒன்றுதான், பெயர்கள் புழங்கும் இடங்கள் வேறு. கோயில் சார்ந்த எழுத்திலும் அலுவலகத் தமிழிலும் பூவிருந்தவல்லியைப் பார்க்கலாம். பேச்சில் எப்போதும் பூந்தமல்லிதான்.

பூவிருந்தவல்லி என்ற வடிவத்துக்குக் கோயில் மரபே ஆதாரம். இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி. மல்லிகைப் பூவில் தோன்றியதால், பூவில் இருந்த வல்லி என்று தலபுராணம் பொருள் சொல்கிறது. ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர் அவர். ராமானுஜரின் ஐயங்களுக்குப் பெருமாள் அருளிய ஆறு வார்த்தைகளைக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. பிறப்பால் உயர்ந்தவராகக் கருதப்படாத அவர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக ஏற்க ராமானுஜர் ஆசைப்பட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லும். இங்கிருந்து பூ எடுத்துக்கொண்டு அவர் காஞ்சிக்கு நடந்த கதையும் வழங்குகிறது. ஊர்ப்பெயரில் உள்ள பூவை அந்தக் கதையிலிருந்து இன்று பிரிக்க முடியாது.

ஆனால் தலபுராணம் தரும் பொருளும் ஒலி மாறி வந்த வழியும் ஒன்றல்ல. பூவிருந்தவல்லி நாவில் தேய்ந்து பூந்தவல்லியாகி, பிறகு பூந்தமல்லி ஆகியிருக்கலாம். வகரம் மகரமாவது தமிழ்ப் பேச்சுக்குப் புதிதல்ல. மல்லிகையின் நினைவும் அதற்கு உதவியிருக்கும். ஆங்கில வடிவம் இதில் ஒரு நல்ல சாட்சி. அதில் இருப்பது வகரம் அல்ல, மகரம். வெள்ளைக்காரன் அதை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. ஊரார் வாயில் கேட்டு எழுதியிருக்கிறான். இப்பெயர் கிழக்கிந்தியக் கம்பெனிக் காகிதங்களில் ஏறியபோது பேச்சில் மல்லி நிலைத்துவிட்டது என்று இதைக்கொண்டு கொள்ளலாம். ஆகவே பூந்தமல்லியைக் கொச்சை என்று ஒதுக்குவது சரியல்ல.

சென்னை என்ற பெயரின் கதையிலும் இந்த ஊர் வருகிறது. 1639இல் ஆங்கிலேயருக்குக் கடற்கரை நிலத்தைத் தந்த தாமல் வெங்கடப்ப நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தபடி இப்பகுதியைக் கவனித்துவந்தார். அவர்கள் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டினம் எழுந்தது. அப்போது அதிகாரம் பூந்தமல்லியில். சென்னை வெறும் மணல்மேடு. பின்னர் கம்பெனியின் படைவீரர்கள் தங்கும் இடமாகவும் ஊர் இருந்தது.

பெயர் ஊரைவிட்டு வெளியே பரவியது சாலையால்தான். சென்ட்ரலிலிருந்து கீழ்ப்பாக்கம், அமைந்தகரை வழியே மேற்கே போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெரியார் பெயர் சூட்டப்பட்டுப் பல காலம் ஆகிறது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் பூந்தமல்லி ஹைரோடு என்றால் போதும். 1998 ஜனவரியில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இங்குள்ள தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தபோது உலகச் செய்திகளிலும் பெயர் அடிபட்டது.

பக்கத்து ஊர்களின் பெயர்களுக்கும் கதைகள் உண்டு. 51ஆவது சக்தித் தலம் என்பதால் அம்பத்தூர் என்பது நம்பிக்கை. ஆவடியோ, கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இதை ஏற்பது கடினம். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961இல். சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறிய காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது 1955 ஜனவரியில்; அதாவது தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்கு இந்தப் பெயர் இருந்தது.

2020 ஜூனில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. பூனமல்லிக்குப் பதில் பூவிருந்தவல்லி என்றது பட்டியல். எழுத்துக்கூட்டல் முறை கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதை அறிவித்தவர் தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் மாஃபா பாண்டியராஜன். அவர் அப்போது ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும்கூட.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதுபோன்ற முயற்சி ஒன்று வென்றிருக்கிறது. அப்பர் வோல்ட்டா என்ற காலனியப் பெயரை 1984 ஆகஸ்ட் 4இல் அதன் அதிபர் தாமஸ் சங்காரா புர்கினா பாசோ என்று மாற்றினார். புர்கினா மோரே மொழிச் சொல். பாசோ ஜூலா மொழிச் சொல். இரண்டும் சேர்ந்து, நேர்மையானவர்களின் நாடு. சொற்கள் மக்கள் பேசும் மொழிகளிலிருந்து வந்தவை, பெயர் நின்றது. கோட் டிவ்வார் அரசோ, தன் நாட்டுப் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம் என்று 1980களிலேயே உலகைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் தமிழ்ப் பத்திரிகைகளில் அதன் ஆங்கிலப் பெயரான ஐவரி கோஸ்ட் இன்னும் போகவில்லை.

பூனமல்லி போக வேண்டியதுதான். அதன் இடத்துக்கு வரத் தகுதியுள்ளது, ஊரார் சொல்லும் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி கோயிலிலும் ஏட்டிலும் தன் இடத்தில் இருக்கட்டும். இப்பகுதியில் பழைய நிலப்பத்திரமோ கல்யாணப் பத்திரிகையோ வைத்திருப்பவர்கள், அதில் ஊர்ப்பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஆண்டோடு குறித்துவைக்க வேண்டுகிறோம். அடுத்த பட்டியலைத் தயாரிப்பவர்களுக்கு அது பயன்படும்.