திரும்பி வந்தால் வேலை இருக்குமா?

"அஞ்சு மாசம் ஆச்சுக்கா. லீவு போட்டுட்டு வந்தா என் வேலை இருக்குமா?"

வேப்பம்பட்டில் கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடையே இந்தக் கேள்வி புதிதல்ல. லீவில் சம்பளம் வருமா என்பதை அவர்கள் அடுத்துத்தான் கேட்கிறார்கள்.

இதற்கான பதிலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்றது. அந்த ஓய்வில் இருப்பவருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுப்பதே சட்டவிரோதம் என்றும் தன் உடன்படிக்கையில் எழுதியது. இந்தியத் தொழிலாளர் சார்பில் அங்கே போனவர் என்.எம்.ஜோஷி. இந்தியா அந்த உடன்படிக்கையை அன்றும் ஏற்கவில்லை, இன்றுவரையும் ஏற்கவில்லை. ஜோஷி சும்மா இருக்கவில்லை. 1924-ல் மத்திய சட்டசபையில் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

வழி திறந்தது மாகாணங்களில். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, ஆகவே செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், அவள் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் தன் பங்கைத் தர வேண்டும் என்பது அவர் வாதம். 1929-ல் பம்பாய்ச் சட்டம் வந்தது, 1934-ல் சென்னை மாகாணச் சட்டம். ஆனால் பணச்சுமை முழுவதும் முதலாளி தலையில் விழுந்தது. விளைவு, வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஆளை நிறுத்திவிடும் வழக்கம் வந்தது. அம்பேத்கர் சொன்னதைக் கேட்டிருந்தால் எத்தனை பெண்களின் வேலை தப்பியிருக்கும்!

இந்த ஓட்டையை இரண்டு சட்டங்கள் அடைத்தன. 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டம் செலவைப் பொது நிதிக்கு மாற்றியது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனிகளில் இன்றும் பிரசவ லீவுப் பணத்தைத் தருவது இ.எஸ்.ஐ.தான், கம்பெனி அல்ல. 1961-ன் மகப்பேற்றுப் பயன் சட்டமோ, தன் 12-ஆம் பிரிவில், லீவில் இருப்பவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, அவருக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றவும் கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் உயிர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. வேலைக்கு உத்தரவாதம் இல்லாத லீவு, மரியாதையாக வெளியே அனுப்புவதுதான்.

லீவின் அளவு அன்று 12 வாரம், 2017 முதல் 26 வாரம் வரை. தகுதி பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதலில் அது 160 நாளாக இருந்தது. தினக்கூலிகளுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண்கள் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது 1961-ன் சட்டம் 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. வேலைப் பாதுகாப்பு அங்கும் தொடர்கிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்குத்தான் மத்தியச் சட்டத்தில் இன்னும் ஒரு நாள்கூட லீவு இல்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து காக்களூர் வரையுள்ள தொழிற்பேட்டைகளில் நான் அஞ்சுவது கான்ட்ராக்ட் முறையை. "உன்னை யாரும் நிறுத்தலை, கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு" என்ற ஒரே வரியில் உரிமை கைநழுவிவிடும். அதனால் லீவுக் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வேலையை விட்டு எடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான் அவகாசம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும்.